இரு முறை பயின்றவர்

கலையைக் குருவின்றிக் கற்க இயலுமா? நம் நாட்டில் நெடுங்காலமாக எழுந்து வரும் வினா இது. வினா எழும்போதெல்லாம் ஏகலைவன் நம் நினைவுக்கு வருகிறான். மண்ணால் துரோணரின் உருவைச் சமைத்து, அதன் முன் நின்று வில் பயின்றான், வல்லவன் ஆனான். வல்லவன் ஆனதற்குக் காணிக்கையாகத் தன் வலக்கைக் கட்டை விரலை இழந்தான். எஞ்சிய விரல்களால் அவன் அம்பு தொடுத்தபோது பழைய விரைவு இல்லை என்று கூறிப் பாரதம் அக்கதையை முடித்துவிடுகிறது. அந்த இரவு அவன் என்ன செய்தான்? எவரும் காணாத நேரத்தில் வில்லை மீண்டும் கையில் எடுத்தானா? முதல் பாடத்திலிருந்து தொடங்கினானா? அதைச் சொல்வார் இல்லை.

ஏகலைவன் கதை முடியும் இடத்தில் தொடங்கும் வாழ்க்கை ஒன்று இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நிகழ்ந்தது. அவரும் குருவின்றிக் கற்றவர். அவரும் விரல் இழந்தவர். ஆனால் இழந்த பிறகு அவர் செய்ததுதான் அவரை உலகறியச் செய்தது. அவர் பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட். கிதார் என்னும் இசைக்கருவியைக் கையில் எடுப்போர் அனைவரும் என்றேனும் ஒருநாள் அவர் பெயரைக் கேட்டே தீருவர்.

வேதியியல் மாணவனான நான் இசைக் கலைஞர் ஒருவரின் வரலாற்றை எழுத முற்பட்ட காரணத்தையும் கூறிவிடுகிறேன். இப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டு, பழைய கிதார் ஒன்றை மலிவாக வாங்கினேன். ஊரில் இருந்தவரை இசை பயிலும் வாய்ப்பு எனக்கு இருந்ததில்லை. இங்கே ஆசிரியர் வைத்துக் கற்க எண்ணினால், விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் போக எஞ்சும் தொகை அவருக்குப் போதாது. போதுமானாலும் அவர் பேசும் விரைவான இந்தியில் பாதி எனக்குப் புரியாது. இரண்டு மாதம் நானே தடவிப் பார்த்தேன். விரல் நுனி தோலுரிந்தது, இசை வரவில்லை. கிதார் கட்டிலுக்கு அடியில் போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே விடை வைத்திருந்தேன்: கற்றுத்தர ஆளில்லை.

ஒருநாள் மாலை, பக்கத்து அறை அண்ணன் ஒருவர் தம் கணினியில் பழைய இசைப்பதிவு ஒன்றை ஒலிக்கவிட்டார். ஆற்றில் மீன் துள்ளுவது போல் சுரங்கள் துள்ளி ஓடின. கேட்டு முடித்த பின், வாசித்தவரின் இடக்கையில் இரண்டு விரல்களே முழுமையாக இயங்கின என்று அவர் சொன்னார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். ஐந்தும் இருந்தன. அந்த நாணம்தான் இக்கட்டுரையின் தோற்றுவாய்.

வண்டியே வீடு

1910-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23-ஆம் நாள், பெல்ஜியம் நாட்டில் லிபெர்ஷி என்னும் சிற்றூரின் எல்லையில் நின்றிருந்த ஒரு வண்டியில் ஜாங்கோ பிறந்தார். பதிவேட்டில் எழுதிய பெயர் ஜான். சுற்றத்தார் அழைத்த பெயர் ஜாங்கோ. விழித்தெழுதல் என்னும் பொருளுடையது அச்சொல் என்பர்.

அவர் பிறந்த குலம் ரோமா மக்களின் ஒரு கிளை. மனூஷ் என்று பெயர். குதிரைகள் இழுக்கும் வண்டிகளே அவர்களுக்கு வீடு. ஓர் ஊரில் தங்கி, ஆடிப் பாடிப் பொருள் ஈட்டி, அடுத்த ஊருக்கு நகர்வார்கள். இம்மக்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியை விட்டு மேற்கே சென்றவர்கள் என்பதை மொழியாராய்ச்சியும் பிற்கால மரபணு ஆராய்ச்சியும் காட்டுகின்றன. அவர்கள் மொழியில் நீருக்குப் பானி என்று பெயர், மூக்குக்கு நாக், காதுக்குக் கான். இங்கு வந்த முதல் வாரத்தில் உணவுக்கூடத்தில் நாம் தட்டுத்தடுமாறிக் கற்ற அதே சொற்கள்! மனூஷ் என்பதும் வேறன்று, மனுஷன்தான். தம்மை மனிதர் என்று மட்டுமே சொல்லிக்கொண்ட ஒரு கூட்டத்தை, ஊர் தோறும் மனிதராக மதிக்க மறுத்த வரலாறு ஐரோப்பாவில் நீண்டது.

தந்தை இசைக் கலைஞர். முதல் உலகப் போர் மூண்டபோது குடும்பம் பிரான்சின் தென்பகுதி, இத்தாலி, வட ஆப்பிரிக்கா என்று அலைந்தது. போர் முடிந்ததும் பாரிஸ் மாநகரின் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே வண்டிகளை நிறுத்தினர். மாநகரின் ஒளி கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த நிலத்தில் சேறும் குப்பையும் குடிசைகளும்தாம். அங்கேதான் ஜாங்கோ வளர்ந்தான். பள்ளிக்கூடத்தின் படி ஏறியதில்லை எனலாம். எழுத்தறியாதவனாகவே இளைஞன் ஆனான்.

கண்ணும் காதும்

பன்னிரண்டு வயதில் அவன் கைக்கு ஒரு பேஞ்சோ கிடைத்தது. உடல் பேஞ்சோவினுடையது, தந்திகளோ கிதாரைப் போல் ஆறு. கொடுத்தவர் அண்டையில் இருந்தவர். கற்பித்தவர் என்று எவரையும் சுட்ட முடியாது. உறவினர் நெருப்பைச் சுற்றி அமர்ந்து வாசிக்கும்போது, சிறுவன் அவர்கள் விரல்களையே நோக்கிக்கொண்டிருப்பான். பிறகு தனியே போய், கண்டதைக் கையால் தேடுவான். விரல் தவறினால் காது சொல்லும். காது தயங்கினால் மறுநாள் கண் மீண்டும் பார்க்கும். இவ்வளவே அவன் பாடத்திட்டம்.

இவ்வாறு கற்பதை நாம் ஏளனமாக நினைக்கக் கூடாது. எங்கள் ஆய்வுக்கூடத்திலும் இதுதான் நடக்கிறது. கரைசலைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் நொடியில் நிறுத்துவது எப்படி என்று புத்தகம் ஒரு பக்கம் எழுதியிருக்கும். ஆயினும் மூத்த மாணவர் ஒருவரின் கட்டை விரல் அந்தத் திருகை எவ்வளவு மெல்லத் திருப்புகிறது என்று அருகில் நின்று பார்த்த பிறகுதான் அது நமக்கு வருகிறது. கையால் செய்யும் தொழில் எதுவாயினும் அதில் ஒரு பகுதி எழுத்தில் அடங்குவதில்லை.

ஓரிரு ஆண்டுகளில் சிறுவன் பாரிசின் நடன விடுதிகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குத் துணையாகப் பேஞ்சோ வாசித்துப் பொருள் ஈட்டத் தொடங்கினான். அக்காலத்தில் அவ்விடுதிகளில் ஒலிபெருக்கி கிடையாது. ஆடுவோரின் காலோசையையும் அக்கார்டியனின் முழக்கத்தையும் மீறித் தன் தந்தி கேட்க வேண்டுமானால் வலக்கை வன்மையாக மீட்டியாக வேண்டும். அந்த வன்மை இறுதிவரை அவரிடம் இருந்தது.

1928-இல் அவர் வாசித்த முதல் இசைத்தட்டுகள் வெளிவந்தன. தட்டின் மேல் பெயரைத் தவறாக அச்சிட்டிருந்தனர். அத்தவற்றை எடுத்துச் சொல்ல அவருக்கு எழுத்தும் தெரியாது. எனினும் புகழ் பரவிற்று. இங்கிலாந்தின் பேர்பெற்ற இசைக்குழுத் தலைவர் ஜாக் ஹில்டன் பாரிசுக்கு வந்து அவர் வாசிப்பைக் கேட்டுத் தம் குழுவுக்கு அழைத்தார். பதினெட்டு வயது, கையில் வேலை, கண்ணெதிரே லண்டன். இதற்கு மேல் ஓர் இளைஞனுக்கு என்ன வேண்டும்?

தீ

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஓர் இரவு, வாசிப்பு முடித்து ஜாங்கோ வண்டிக்குத் திரும்பினார். இளம் மனைவி செல்லுலாய்டால் செயற்கை மலர்கள் செய்து விற்று வந்தார். வண்டி நிறைய மலர்கள். வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி.

செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோசுடன் கற்பூரம் சேர்த்துச் செய்யும் பொருள். நைட்ரோசெல்லுலோசு வெடிபஞ்சுக்கு உடன்பிறப்பு; கற்பூரத்தைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய திரைப்படச் சுருள்கள் தீப்பிடித்துக் கொட்டகைகள் எரிந்த செய்திகளுக்கெல்லாம் இப்பொருள்தான் காரணம். மெழுகுவர்த்தி சாய்ந்தது. மலர்கள் ஒரே நொடியில் பற்றிக்கொண்டன. வண்டி முழுதும் தீ!

போர்வை ஒன்றால் தம்மை மறைத்துக்கொண்டு ஜாங்கோ வெளியே வந்தார். மனைவியும் உயிர் பிழைத்தார். ஆனால் ஜாங்கோவின் உடலில் பாதி வெந்துவிட்டது. வலக்காலை எடுத்துவிட வேண்டும் என்றனர் மருத்துவர். அவர் இசையவில்லை. கால் தப்பியது, இடக்கை தப்பவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் நரம்பு சுருங்கி, உள்ளங்கையை நோக்கி வளைந்து நின்றுவிட்டன.

கிதார் வாசிப்போர்க்கு இடக்கையே சுரம் தேடும் கை. அதில் இரு விரல் போயிற்றென்றால் கலை போயிற்றென்றே எவரும் கருதுவர். லண்டன் வேலையும் போயிற்று. படுக்கையில் கிடந்தார். பதினெட்டு வயதில் வாழ்வு முடிந்தவர் போல் கிடந்தார்.

இரண்டாம் பயிற்சி

தம்பி சோசப்பு அப்போது ஒரு செயல் செய்தார். அண்ணனின் படுக்கைக்கு அருகே ஒரு கிதாரைக் கொண்டுவந்து வைத்தார். பேஞ்சோ அன்று, கிதார். கனமும் குறைவு, ஓசையும் மெல்லியது. நோயாளியின் கைக்கு ஏற்றது.

இங்கே கருவியின் அமைப்பைச் சற்று விளக்குவேன். கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள் நம் வீணையின் மெட்டுகளைப் போன்றவை. தந்தியை ஒரு மெட்டுக்குப் பின்னே அழுத்தினால் அதிரும் நீளம் குறைகிறது, சுரம் உயர்கிறது. ஒவ்வொரு மெட்டும் எஞ்சிய நீளத்தில் ஏறத்தாழ 18-இல் ஒரு பங்கைக் குறைக்கும். 12 மெட்டுகள் ஏறினால் நீளம் சரிபாதியாகி, அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். நான்கு விரலும் உடையவர் மெட்டுக்கு ஒரு விரலாக வைத்து, கையை நகர்த்தாமலே ஆறு தந்திகளின் குறுக்கே ஏறி இறங்கலாம். எல்லாப் பயிற்சி நூல்களும் அவ்வாறே கற்பிக்கின்றன. அந்நூல்கள் நான்கு விரல்களுக்கு எழுதியவை.

இரண்டு விரல்களுக்கு நூல் எதுவும் இல்லை. ஆதலின் ஜாங்கோ தாமே வழி கண்டார். கையை ஓரிடத்தில் நிறுத்திக் குறுக்கே செல்ல முடியாதவர், தந்தியின் நீளத்தோடு நெடுகச் செல்லப் பழகினார். சுட்டு விரலும் நடு விரலும் கழுத்தின் அடி முதல் முடி வரை ஓடின, வழுக்கின, தாவின. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளுக்கு வேறு உத்தி தேவைப்பட்டது. ஆறு தந்திகளையும் பிடிக்கும் பழைய வடிவங்களைக் கைவிட்டார். இரண்டு மூன்று சுரங்களால் ஆன சிறு வடிவங்களை அமைத்தார். வளைந்து நின்ற இரு விரல்களையும் அவர் முற்றும் ஒதுக்கவில்லை. மேல் சுரத் தந்திகள் இரண்டின் மீது அவற்றைச் சாய்த்து, சில சுரக்கூட்டுகளுக்கு அவற்றிடமிருந்தும் வேலை வாங்கினார்.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இது நடந்தது. நான் பெரிதும் வியப்பது இந்த ஒன்றரை ஆண்டைத்தான். சிறுவனாய் இருந்தபோது கற்றது எளிது. அப்போது ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. தவறினால் நாணமும் இல்லை. இரண்டாம் முறை அப்படியன்று. எப்படி ஒலிக்க வேண்டும் என்பது காதுக்கு முன்பே தெரியும். கை அதைத் தர மறுக்கும். நேற்று வரை வித்தகன்; இன்று தத்துக்குத்து. இந்த இடைவெளியைத் தாங்க முடியாமல்தான் நம்மில் பலர் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோம். அவர் தாங்கினார்.

எழுந்து நடமாடிய பின் சகோதரர்கள் இருவரும் பிரான்சின் தென்கரைக்குச் சென்றனர். 1931 வாக்கில் தூலோன் நகரில் எமில் சவித்ரி என்னும் ஓவியர் இவர்களைக் கண்டு, தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, அமெரிக்காவிலிருந்து வந்த ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்கச் செய்தார். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தை ஜாங்கோ அங்கேதான் கேட்டார். கேட்டு உருகினார் என்பர். அன்றுமுதல் அந்த இசைத்தட்டுகள் அவருக்கு ஆசான் ஆயின. கடலுக்கு அப்பால், வேறோர் இனத்தில், அவரைப் போலவே வறுமையில் பிறந்து வளர்ந்த ஒருவரிடமிருந்து அவர் பாடம் கேட்டார்.

ஐவர் குழு

1934-இல் பாரிசின் கிளாரிட்ஜ் விடுதியில் ஜாங்கோ ஒரு குழுவில் வாசித்து வந்தார். அதே குழுவில் ஸ்டெஃபான் கிராப்பெல்லி வயலின் வாசித்தார். ஓய்வு வேளைகளில் திரைக்குப் பின்னே இருவரும் தம் விருப்பத்துக்கு வாசித்துக்கொள்வார்கள். தம்பி சோசப்பும் ரோசர் ஷாப்பூ என்பவரும் கிதாருடன் சேர்ந்தனர். லூயி வோலா பெருந்தந்திக் கருவியான பேஸுடன் சேர்ந்தார். பிரான்சு ஹாட் கிளப் ஐவர் குழு பிறந்தது. அவ்வாண்டு திசம்பரில் அவர்கள் முதல் இசைத்தட்டுகள் பதிவாயின.

ஜாஸ் என்றால் முரசும் எக்காளமும் என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. இக்குழுவிலோ முரசு இல்லை, ஊதுகருவி இல்லை. ஐந்தும் தந்திக் கருவிகள். துணைக் கிதார்கள் இரண்டும் தாளத்தைத் தாங்க, ஜாங்கோவின் கிதார் தனியே பாடியது. கிதார் என்பது பின்னால் அமர்ந்து தாளம் தட்டும் கருவி என்ற எண்ணத்தை மாற்றியவர்களுள் அவர் தலையாயவர். அமெரிக்காவிலிருந்து வந்த கோல்மன் ஹாக்கின்ஸ், பென்னி கார்ட்டர் போன்ற பெருங்கலைஞர்கள் 1937-இல் பாரிசில் அவருடன் சேர்ந்து பதிவு செய்தனர்.

கிராப்பெல்லி ஒழுங்கு மிக்கவர். ஜாங்கோ அதற்கு நேர்மாறானவர். இருவருக்கும் பூசல்கள் உண்டு. ஆயினும் ஜாங்கோவுக்குக் கையெழுத்திடக் கற்பித்தவர் கிராப்பெல்லியே என்பர். அந்தக் கிராப்பெல்லி நெடுநாள் வாழ்ந்தார். 1984-இல் நம் வயலின் மேதை எல். சுப்பிரமணியத்துடன் சேர்ந்து ஓர் இசைத்தட்டும் வெளியிட்டார். பாரிசின் சேற்று நிலத்தில் எழுந்த இசைக்கும் நம்மவர் வயலினுக்கும் இடையே ஒரு மனிதர் பாலமாக நின்றார் என்பது நாம் மகிழத்தக்கது.

போரின் நிழல்

1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது குழு இங்கிலாந்தில் இருந்தது. கிராப்பெல்லி அங்கேயே தங்கினார். ஜாங்கோ பாரிசுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே பாரிஸ் ஜெர்மானியப் படைகளின் கையில் வீழ்ந்தது.

யூதரைப் போலவே ரோமா மக்களையும் அழிக்க முற்பட்டது நாஜி ஆட்சி. ஐரோப்பா எங்கும் இலட்சக்கணக்கான ரோமாக்கள் கொல்லப்பட்டனர். பிரான்சிலும் நாடோடிகள் முகாம்களில் அடைபட்டனர். போர் முடிந்த பின்னும், 1946 வரை, சிலருக்கு விடுதலை கிட்டவில்லை. ஜாஸ் இசையையும் அவ்வாட்சி இழிவென்று தூற்றியது. ரோமா, ஜாஸ் கலைஞர், இரு வகையாலும் ஜாங்கோ குற்றவாளி. ஆயினும் அவர் புகழ் அவரைக் காத்தது. ஜெர்மானிய அதிகாரிகளிடையேயும் அவர் இசையை விரும்பிக் கேட்டவர்கள் இருந்தனர். என்னே முரண்! இசையைச் சுவைத்தனர், இசைத்தவரின் இனத்தைக் கொன்றனர். 1943-இல் அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்றார்; எல்லையைக் கடக்க இயலாமல் திரும்பினார்.

இந்த இருண்ட காலத்தில்தான் அவர் படைப்புகளுள் மிகவும் புகழ்பெற்றது தோன்றியது. மேகங்கள் என்று பொருள்படும் நுவாழ் என்னும் அவ்விசையை 1940-இல் பதிவு செய்தார். அதில் சொற்கள் இல்லை. ஆயினும் அடிமைப்பட்ட பாரிஸ் அதைத் தன் ஏக்கத்தின் குரலாக ஏற்றுக்கொண்டது. தம் மக்களுக்காகத் தேவாலய வழிபாட்டிசை ஒன்றை அமைக்கவும் முயன்றார். சுரக்குறிப்பு எழுதத் தெரியாததால், அவர் வாசித்துக் காட்ட, குழுவின் நண்பர் ஒருவர் எழுதினார். அது முற்றுப்பெறவில்லை.

குறையும் நிறையும்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறைகளை மறைத்தல் வழக்கம். நான் அதை விரும்பவில்லை. ஜாங்கோ சூதாட்டத்தில் பொருளை இறைத்தவர். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கு வராமல் ஆற்றங்கரைக்குப் போய்விடுபவர். 1946-இல் டியூக் எலிங்டனின் மாபெரும் இசைக்குழுவுடன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார். தம் கிதாரைக்கூட உடன் கொண்டுசெல்லவில்லை. நியூயார்க்கின் கார்னகி அரங்கில் இரண்டாம் நாள் நிகழ்ச்சிக்கு மிகவும் காலந்தாழ்த்தி வந்தார். பெரிதும் எதிர்பார்த்துச் சென்ற அமெரிக்கப் பயணம் அவர் நினைத்த பயனைத் தராமலே முடிந்தது.

எனவே, ஒழுக்கத்துக்கு எடுத்துக்காட்டாக அவரை நான் நிறுத்தவில்லை. பிற செயல்களில் கட்டுப்பாடே இல்லாத ஒரு மனிதர், அந்த ஒன்றரை ஆண்டு மட்டும் எப்படி அவ்வளவு பொறுமையோடு ஒரு கிதாரின் முன் அமர்ந்திருந்தார்? எனக்குத் தோன்றும் விடை ஒன்றே. அவருக்கு அது கடமையன்று, பசி. பசித்தவனுக்குக் கால அட்டவணை வேண்டியதில்லை.

1951-இல் பாரிசுக்குத் தென்கிழக்கே சேன் ஆற்றங்கரையில் உள்ள சமுவா என்னும் சிற்றூரில் குடியேறினார். மீன் பிடித்தார், ஓவியம் தீட்டினார், அவ்வப்போது பாரிசுக்குச் சென்று வாசித்தார். மின்கிதார் வந்துவிட்டது, ஜாஸ் புதிய போக்கில் மாறிவிட்டது. அவரும் புதியதைக் கற்றார். இறுதி ஆண்டுகளின் பதிவுகளில் அது தெரிகிறது. 1953-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், பாரிசிலிருந்து திரும்பி வீட்டை நெருங்கியபோது மூளையில் குருதி கசிந்து சாய்ந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அந்தோ! வயது 43.

கை மாறிய விளக்கு

1965-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், டோனி ஐயோமி என்னும் பதினேழு வயது இளைஞரின் இரு விரல் நுனிகள் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கித் துண்டாயின. கிதார் இனி இல்லை என்று அவர் சோர்ந்திருந்தபோது, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அது ஜாங்கோவினுடையது. அவ்விளைஞர் உருக்கிய நெகிழியால் விரல் நுனிகளுக்கு உறை செய்துகொண்டு மீண்டும் பயின்றார். பிளாக் சாபத் குழுவின் கிதார் அவருடையதே. நம் விடுதியில் நள்ளிரவில் சுவர் அதிர அக்குழுவின் பாடல்களைக் கேட்கும் தோழர்கள், அடுத்த முறை கேட்கும்போது 1928-இல் எரிந்த அந்த வண்டியையும் நினைத்துக்கொள்வார்களாக.

தொடங்கிய வினாவுக்கு வருவோம். ஜாங்கோ குருவின்றிக் கற்றவர் என்பது பாதி உண்மையே. விரல்களைக் காண விட்ட உறவினர், கிதாரைக் கொண்டுவந்த தம்பி, கதவைத் திறந்து இசைத்தட்டை ஒலிக்கவிட்ட ஓவியர், கையெழுத்துக் கற்பித்த நண்பர், கடல் கடந்து ஒலித்த ஆம்ஸ்ட்ராங் ஆகிய அனைவரும் ஆசிரியரே. அவர்களுள் எவரும் கட்டணம் வாங்கவில்லை. பாடம் என்று சொல்லி எதையும் நடத்தவும் இல்லை. கற்பவர் உற்றுப் பார்த்தார். ஆதலால் அது பாடமாயிற்று. மனூஷ் மக்களின் கூடாரங்களில் பிற்காலத்திலும் சிறுவர்கள் ஜாங்கோவின் இசையை அவ்வாறே, பெரியவர் விரல்களைப் பார்த்தே கற்று வந்தனர். ஏகலைவனிடம் விரலைக் கேட்ட குருவுக்கும் தம்பி சோசப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் கற்றதைப் பறித்தார். மற்றவரோ கற்பிக்கத் தெரியாவிட்டாலும் கருவியைக் கொண்டுவந்து படுக்கையருகே வைத்தார்.

நம்மில் ஒவ்வொருவரும் யாருக்காவது சோசப்பு ஆகலாம். ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவு வந்து, மொழி புரியாமல், முதல் தேர்வில் தவறி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் முதலாண்டு மாணவர்கள் நம் மன்றத்திலும் இருக்கிறார்கள். நானும் ஒருவனாக இருந்தேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்த கிதாரைச் சென்ற திங்கள் வெளியே எடுத்தேன். துருப்பிடித்த தந்திகளை மாற்றினேன். இயற்பியல் துறையில் படிக்கும் நம் தோழி ஒருவர் சிறு வயதில் வீணை பயின்றவர். கிதாரை அவர் தொட்டதில்லை. எனினும் மெட்டின் மேல் அழுத்தாமல் மெட்டை ஒட்டிப் பின்னால் அழுத்த வேண்டும் என்பதை என் கையைப் பார்த்தவுடனே கண்டுகொண்டார். இரண்டு மாதம் எனக்கு இசை வராத காரணம் அவ்வளவுதான்! இப்போது மூன்று சுரக்கூட்டுகள் வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்குள் பாடுகிறவர் அடுத்த அடிக்குப் போய்விடுகிறார். வரும் பொங்கல் விழாவில் நான் வாசிக்கப்போவதில்லை, அச்சம் வேண்டா. ஞாயிறு மாலைகளில் விடுதி மொட்டை மாடியில் இருப்பேன். தெரிந்தவர்கள் வாருங்கள், தெரியாதவர்களும் வாருங்கள். கிதார் ஒன்றுதான் இருக்கிறது. மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.